சீமாட்டியின் அறையில் பால் காய்ச்சினோம்

இது நடந்தது. நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. நம்பாதவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. போன வருடம் ஜூலை வரைக்கும் நானும் அவர்களில் ஒருவன்.

பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை, ஒற்றைப் பனைமரம் என்றுதான் நானும் படித்திருக்கிறேன். இதில் அவை எதுவும் இல்லை. இது முசஃபாவில் நடந்தது. அபுதாபியை ஒட்டி, வெல்டிங் கடைகளும் கராஜ்களும் தொழிலாளர் கேம்ப்களும் நெருக்கியடித்துக் கிடக்கிற இடம். நேரம், பட்டப்பகல். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி வெயில்.

என் பெயர் ரெஜின். சொந்த ஊர் குளச்சல். கண்காட்சிகளுக்கு செட் செய்து கொடுக்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் பெயின்டர். தெர்மாகோலைக் கல்லாகக் காட்டுவது என் வேலை. பேச்சு எனக்கு அவ்வளவாக வராது. கேம்ப்பில் என் கட்டிலுக்கு அடியில் துணியைவிடப் புத்தகங்கள்தான் அதிகம். சுவரைப் பார்த்தபடி நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்வது எனக்குப் பிடிக்கும். மற்றவர்களுக்கு அது தண்டனை.

அந்தக் கோடையில் எங்களுக்கு வந்த வேலை ஓர் அறை. எண்ணூறு வருடங்களுக்கு முந்தைய இங்கிலாந்தைப் பற்றி ஒரு கண்காட்சி. அதில் ஹவீஸ் என்ற சீமாட்டி கடைசியாக வாழ்ந்த அறையை அப்படியே செய்து தர வேண்டும். ஒர்க்‌ஷாப்பிலேயே முழுதாக நிறுத்தி, கண்காட்சிக்காரர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு பிரித்து அனுப்ப வேண்டும்.

சுவர்கள் தெர்மாகோல். ஜன்னல் வெறும் ஓவியம். கணப்பு அடுப்பில் நெருப்புக்குப் பதில் ஆரஞ்சுத் துணியும், அடியில் ஒரு சின்ன ஃபேனும். நடுவில் நீளமான மேஜை. மேஜை நிறைய ஃபைபரில் செய்த சாப்பாடு. ரொட்டி, வறுத்த பறவை, பழங்கள், இரண்டு தட்டுகள். எதிரெதிராக இரண்டு நாற்காலிகள்.

அந்த அறையில் நிஜமானது கதவு ஒன்றுதான். நல்ல கனமான மரக்கதவு. அதைச் செய்தவன் ஐயப்பன்.

ஐயப்பன் அறந்தாங்கிப் பக்கத்துக்காரன். தச்சன். நாலு வருடமாக ஊருக்குப் போகவில்லை. ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தான். ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சு. அன்றைக்கு மனைவி பானுப்பிரியாவோடு சேர்ந்து அந்த வீட்டுக்குள் வலது காலை வைக்க வேண்டும். அவன் வாழ்க்கையில் அப்போது வேறு ஆசையே இருக்கவில்லை. தினமும் சாயங்காலம் அவள் வீடியோவில் கூப்பிடுவாள். டைல்ஸைக் காட்டுவாள். ஜன்னல் கம்பிக்கு அடித்த பெயின்டைக் காட்டுவாள். அவன் எதிர்க் கட்டிலில் இருக்கிற எனக்கு போனைத் திருப்புவான். “ரெஜினண்ணே, இந்த நெறம் ஒட்டுமாண்ணே?” என்பான்.

அறை முடிந்த அன்று சாயங்காலம் எங்கள் போர்மேன் நாகலிங்கம் அண்ணாச்சி இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். கோவில்பட்டிக்காரர். எதையும் விளையாட்டாகத்தான் பேசுவார்.

“வீடு முடிஞ்சுபோச்சு. பால் காய்ச்சாமலா ஒப்படைக்கது?”

“இது வீடா அண்ணாச்சி? தட்டினா உதிருது,” என்றேன்.

“கதவு இருக்கா? அடுப்பு இருக்கா? பெறவென்ன வே. ஏல ஐயப்பா, ஊர்ல போயி முழிக்காம இங்கயே ஒருக்கா ஒத்திகை பாத்துக்கோ.”

ஐயப்பன் சிரித்தான். “ஜோடியால்ல உள்ள போகணும். இப்ப பானுவுக்கு நான் எங்கிட்டுப் போறது?”

“அந்தா நிக்காள்ல, வெள்ளக்காரி.”

உடை தைத்தவர்கள் அளவு பார்ப்பதற்காக ஒரு பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். சீமாட்டிக்கான கரும்பச்சை கவுன். தலையையும் தாடையையும் சுற்றி வெள்ளைத் துணி. முகம் இருந்தது. அதில் கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை.

ஐயப்பன் அதை இடது கையால் இடுப்போடு அணைத்துக்கொண்டான். வலது காலை எடுத்து வைத்தான். இருவரும் உள்ளே போனார்கள். அண்ணாச்சி கணப்புக்குள் இன்டக்‌ஷன் அடுப்பை வைத்து, கேம்ப்பிலிருந்து கொண்டுவந்த சட்டியில் பாலைக் காய்ச்சினார். பால் பொங்கியது. முதல் தம்ளரை மேஜையில், பொம்மைக்கு முன்னால் வைத்தார்.

“வீட்டுக்காரிக்கு மொதல்ல. என்னல மாப்ள, பொண்ணு வாயத் தொறக்க மாட்டேங்கா.”

“வாய் இருந்தாத்தானே அண்ணாச்சி.”

எல்லோரும் சிரித்தோம். நானும்.

மறுநாள் காலையிலேயே உடைக்காரர்களின் வேன் வந்து பொம்மையை எடுத்துப் போய்விட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பொம்மை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இல்லை.

முதலில் கவனித்தது குளிர். ஒர்க்‌ஷாப்பில் ஏசி கிடையாது. தகரக் கூரை. ஆனால் அந்த அறைக்குள் போனால் குளிர்ந்தது. சுவரில் கை வைத்தேன். தெர்மாகோல் எப்போதும் கையின் சூட்டைத் திருப்பித் தரும். இது தரவில்லை. கல் மாதிரி சில்லென்று இருந்தது.

“நல்லா பெயின்ட் அடிச்சிருக்க வே. வெயிலே ஏமாந்துட்டு,” என்றார் அண்ணாச்சி.

அடுத்தது நாற்காலி. கதவைப் பார்த்த மாதிரி இருந்த நாற்காலியை தினமும் மேஜைக்குள் தள்ளிவிட்டுப் போவேன். காலையில் அது வெளியே இழுபட்டிருக்கும். ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு. எதிர் நாற்காலி மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கும்.

மூன்றாவது அந்தப் பால்.

மேஜை முழுக்கப் பொய்ச் சாப்பாடு என்பதால் நடுவில் இருந்த நிஜத் தம்ளரை யாரும் கவனிக்கவில்லை. நாலைந்து நாள் கழித்துத்தான் நான் பார்த்தேன். முசஃபா கோடையில் பால் ஒரு மத்தியானம் தாங்காது. கொட்டிவிடலாம் என்று எடுத்தேன்.

நாற்றம் இல்லை. ஆடைகூடப் படியவில்லை.

தம்ளர் சுட்டது.

அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனதுக்குள் ஒன்றைப் போட்டு மூடுவது எனக்கு எளிது. அதற்கு நாற்பது வருடப் பழக்கம் இருக்கிறது.

அந்த வாரம் அனன்யா வந்தாள். கண்காட்சிக்காரர்களின் தரப்பில் வேலையைப் பார்வையிடும் பெண். துபாயிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் புரியும், பேச்சில் பாதி இங்கிலீஷ். அவள் முதலில் கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தாள்.

“இது யார் போட்டது அங்கிள்? தாழ்ப்பாள் டிராயிங்ல இல்லையே.”

“ஜெயில்னு சொன்னீயளே பாப்பா. தாழ்ப்பாள் இல்லாத ஜெயிலா?” என்றார் அண்ணாச்சி.

“நோ, எடுத்துடுங்க. அந்தக் கதவைப் பூட்டவே இல்லை. அதான் ஸ்டோரியே.”

“சரி. பட்டினி கெடந்து செத்த பொம்பளைன்னும் சொன்னீயளே. அப்ப இம்புட்டுச் சாப்பாடு எதுக்கு?”

அவள் எதிர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஐயப்பன் அப்போது அங்கே இல்லை. வெளி யார்டில் பலகை அறுத்துக்கொண்டிருந்தான். மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் அந்தக் கதையைக் கேட்கவில்லை.

மன்னனுக்கும் பிரபுக்களுக்கும் சண்டை. ஹவீஸின் கணவன் ரால்ஃப் மன்னனை எதிர்த்தவர்கள் பக்கம். ஆள் திரட்டுவதற்காக அவன் வெளியே போய்விட்டான். மன்னனின் படை கோட்டையைச் சுற்றி வளைத்தது. உள்ளே இருந்தவள் ஹவீஸ். தானியத்தை அவளே அளந்து கொடுத்தாள். கிணறு வற்றியதும், இருந்த கடைசித் தண்ணீரில் படுக்கை விரிப்புகளை நனைத்து மதிலில் காயப்போடச் சொன்னாள். உள்ளே தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று எதிரி நினைக்கட்டும் என்று. ஐந்து மாதம் தாக்குப்பிடித்தாள். பிறகு உள்ளே இருந்த ஒருவனே வாசலைத் திறந்துவிட்டான்.

அதற்குள் ரால்ஃப் தோற்று, கடலைத் தாண்டிப் போய்விட்டான்.

மன்னன் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டான். உன் கணவன் துரோகி என்று சொல். நான் காட்டுகிறவனைக் கல்யாணம் செய்துகொள். நிலமும் கோட்டையும் உன்னிடமே இருக்கும். அவள் மறுத்தாள். மன்னன் அவளைப் பாதாளச் சிறையில் போடவில்லை. அவளுடைய அறையிலேயே விட்டான். கதவைப் பூட்டவில்லை. எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம். வாசலைத் தாண்டினால் சம்மதித்ததாக அர்த்தம்.

தினமும் மன்னனின் சமையலறையிலிருந்து சாப்பாடு வந்தது. இருவருக்கு. அவள் தொடவில்லை. “என் ஹஸ்பண்ட் இந்தக் கதவு வழியா உள்ளே வந்து என் எதிர்ல உட்காரட்டும், அப்புறம் சாப்பிடறேன்னு சொல்லிட்டாங்க.”

“வந்தானா?” என்று கேட்டேன். அன்று நான் பேசியது அது மட்டும்தான்.

“இல்லை அங்கிள். வரவே இல்லை. கடல் கடந்து போனவர் போனதுதான்.”

அவள் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். ஒரு மாதமாக அவளுடைய சுவருக்கு விரிசல் வரைந்தவன் நான். எந்த விரிசலை அவள் அதிகம் பார்த்திருப்பாள் என்று யோசித்தேன். கதவுக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான். கணவன் கடலுக்கு அப்பால் இருக்கிற பெண்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு விரிசல் இருக்கும்.

பிறகுதான் ஓர் எண்ணம் வந்தது. அவளை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தது ஓர் ஆண். ஜோடியாக. வலது காலை வைத்து.

அவள் யார் வந்துவிட்டதாக நினைத்திருப்பாள்?

ஐயப்பனிடம் மாற்றம் தெரிந்தது அந்த நாட்களில்தான். கேம்ப்பில் எங்கள் ரூம் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அவன் வெளியே நிற்பான். உள்ளே வரமாட்டான். யாராவது “வாடா” என்றால்தான் வருவான். மெஸ் வாசலில் தட்டோடு நிற்பான். ஒருநாள் சூப்பர்மார்க்கெட்டில் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றான். கதவு திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. பின்னால் நின்ற பாகிஸ்தான்காரர் “யல்லா பாய், ஜல்தி” என்று கத்தினார். நான் கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

“என்னல ஆச்சு ஒனக்கு?”

“தெரியலண்ணே. கதவப் பாத்தாலே காலு நின்னுபோகுது.”

“ஒடம்புக்குச் சரியில்லையா?”

“உள்ள யாரோ எனக்காக சாப்புடாம இருக்க மாதிரி இருக்குண்ணே,” என்றான்.



அடுத்த நாள் மத்தியானம்.

கோடையில் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை எங்களுக்கு வேலை இல்லை. எல்லோரும் ஒர்க்‌ஷாப்பின் அந்தக் கோடியில் ஏர்கூலர் முன்னால் படுத்திருந்தார்கள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் தாழ்ப்பாளைக் கழற்றிய இடத்துக்கு நேராகப் பெயின்ட் உரிந்திருந்தது. அதைப் பிரஷ்ஷால் சரிசெய்துவிட்டு வந்துவிடலாம் என்று நான் உள்ளே போனேன். கதவு லேசாகச் சாய்ந்து தானாக மூடிக்கொண்டது. கனமான கதவு. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

கதவைப் பார்த்து மண்டியிட்டிருந்தேன். மேஜை எனக்குப் பின்னால்.

பிரஷ்ஷை நனைத்தேன். ஏர்கூலர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு கேட்கவில்லை.

கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் தலைக்கு மேல் லைட் எரிந்தது. கணப்பில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆரஞ்சுத் துணி ஆடியது. சத்தம் மட்டும் இல்லை. எனக்கு அமைதி பழக்கம். இது அந்த அமைதி இல்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு எதற்கோ காது கொடுத்திருக்கிற மாதிரி…

டக்.

வெளியே காலடி.

டக்… டக்…

எங்கள் ஒர்க்‌ஷாப் தரை சிமென்ட். ரப்பர் கால் போட்ட சேஃப்டி ஷூவில் நடந்தால் சத்தமே வராது. இது கல் படியில் கனமான ஆள் ஏறி வருகிற சத்தம்.

டக்.

கதவுக்கு வெளியே நின்றது.

கதவுக்கு அடியில் ஒரு விரல் அளவு இடைவெளி. வெளிச்சத்தை இரண்டு நிழல்கள் மறைத்தன. இரண்டு கால்கள்.

நான் அசையவில்லை.

அப்போது எனக்குப் பின்னால், துணி உரசியது.

மெல்ல. கனமான துணி. உட்கார்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து உட்காருகிற மாதிரி.

நாற்காலி ஒருமுறை முனகியது.

திரும்பக்கூடாது என்று தெரிந்தது. யாரும் சொல்லித் தெரியவில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அது எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். என் தலைக்கு மேலே, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் சுவர்.

என் மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வெளியே அந்தக் கால்கள் நகரவில்லை.

உள்ளே யாரோ… மிகத் தாழ்ந்த குரலில்… என்னவோ சொன்னார்கள்.

இங்கிலீஷ் இல்லை. எனக்குத் தெரிந்த எந்த மொழியும் இல்லை. ஆனால் கேள்வி என்று புரிந்தது. இரண்டாம் முறையும் அதையே கேட்டாள்.

மூன்றாம் முறை கேட்கவில்லை.

என் கை தானாகப் போய்க் கதவை இழுத்தது.

ஐயப்பன் நின்றிருந்தான்.

ஏர்கூலர் சத்தம் காதில் வந்து விழுந்தது. வெயிலின் சூடு முகத்தில் அடித்தது. அவன் கண் திறந்திருந்தது. கையைத் தொங்கப் போட்டிருந்தான். காலில் ஷூ இல்லை.

“ஐயப்பா. ஏன்ல இங்க நிக்க?”

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான்.

“யாருண்ணே அது?” என்றான்.

நான் திரும்பவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளி யார்டுக்கு வந்துவிட்டேன். வெயிலில் நின்றோம்.

“அவ கூப்புட்டாண்ணே. போகத்தான் நெனச்சேன். காலு வரல.”

“போகாத. நீ உள்ள போகாத. ஊருக்குப் போ.”

“அழுகுதுண்ணே அது,” என்றான்.

அன்றே எல்லாவற்றையும் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. “ஜோடியாப் போகச் சொன்னது நாந்தான்,” என்றார். அவர் சூடம் கொளுத்தினார், பூசணிக்காய் வாங்கி வந்து கேட்டுக்கு வெளியே உடைத்தார். அந்தத் தம்ளரை ஒரு துணியில் பிடித்து எடுத்துப்போய் மணலில் கொட்டினார். வேலையைத் துரிதப்படுத்தி, அந்த வாரமே அறையைப் பிரித்துவிட்டோம். சுவர்கள் பலகை பலகையாகப் பெட்டிக்குள் போயின. கதவைக் கடைசியாக ஏற்றினோம். ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். அதைச் செய்து நிறுத்தியபோது ஐயப்பனும் இன்னொருத்தனும் மட்டும்தான் தூக்கியிருந்தார்கள்.

லாரி போனது. ஒர்க்‌ஷாப் பழைய சூட்டுக்குத் திரும்பியது. முடிந்தது என்று நினைத்தேன்.

ஐயப்பனின் ஃப்ளைட் சாயங்காலம். பால் காய்ச்சுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அண்ணாச்சி பிக்கப்பில் கொண்டுவந்து விட்டார். பெட்டியில் பானுப்பிரியாவுக்குப் பட்டுப்புடவை, புது வீட்டுக்கு ஒரு சுவர்க் கடிகாரம். வழியெல்லாம் நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தான்.

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டான்.

கதவு திறந்தது. மூடியது.

“போ மக்கா.”

“போறேண்ணே.”

போகவில்லை. ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு குடும்பம், டிராலி, கைக்குழந்தை. கதவு திறந்து மூடிக்கொண்டே இருந்தது. நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் வியர்வை வழிந்தது. வலது கால் தரையிலிருந்து எழும். மறுபடி இறங்கும்.

“பானு காத்துக்கிட்டு இருக்கா, ஐயப்பா.”

“தெரியும்ணே. அதான் முடியல.”

கடைசியில் நான் அவன் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன். மரத்தைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. சட்டென்று விட்டுக்கொடுத்தது. அவன் உள்ளே போய் விழப்பார்த்து, நின்றான். கண்ணாடிக்கு அப்பாலிருந்து திரும்பிப் பார்த்தான். என்னைப் பார்த்துக் கையாட்டினான். நான் அழுதுவிட்டேன். அனுப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

முகூர்த்தத்தன்று மத்தியானம் பானுப்பிரியா கூப்பிட்டாள்.

“அண்ணே, அங்க இவருக்கு என்ன நடந்துச்சுண்ணே?”

ஊர் கூடியிருந்திருக்கிறது. ஐயர் நேரம் பார்த்துச் சொல்லிவிட்டார். இருவரும் வாசலில் நின்றிருக்கிறார்கள். அவள் கையில் விளக்கு. அவள் வலது காலை வைத்துவிட்டாள். அவன் வைக்கவில்லை. முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. பங்காளிகள் இருவர் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். அவன் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு கதறியிருக்கிறான்.

“என்ன சொன்னான்?”

“உள்ள ஒருத்தி இருக்கா, அவகிட்ட நான் போகலங்கறாரு. யாருண்ணே அவ? அங்கன யாரோடயும் இருந்தாராண்ணே? சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன்.”

“அப்படியெல்லாம் யாரும் இல்லம்மா.”

“அப்பறம் எதுக்குண்ணே அழுகுறாரு?”

அவள் தனியாக உள்ளே போய்ப் பால் காய்ச்சியிருக்கிறாள்.

அன்றிலிருந்து ஐயப்பன் வாசலில்தான். பகலில் நிற்கிறான். இருட்டியதும் அங்கேயே மண்ணில் படுத்துக்கொள்கிறான். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். கோயிலுக்கும் வெளியேதான் நின்றான். மாத்திரை கொடுத்தார்கள். தூங்குகிறான். எழுந்ததும் நிற்கிறான். லீவ் முடிந்தது. விசாவும் முடிந்தது. அவன் கட்டிலில் இப்போது நேபாளத்துப் பையன் ஒருவன் படுத்திருக்கிறான்.

கண்காட்சி நவம்பரில் திறந்தது. நான் போகவில்லை. பிறகு ஒருநாள் அனன்யா எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். அறைக்கு வெளியே வைத்திருக்கிற விளக்கப் பலகையை மாற்ற வேண்டுமாம். தகவல் தவறு என்று லண்டனிலிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

“என்ன தப்பு?” என்று கேட்டேன்.

“அவர் வரவே இல்லைன்னு எழுதியிருந்தோம்ல? வந்திருக்கார், அங்கிள்.”

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

மன்னனோடு சமாதானம் பேசி, ரால்ஃப் திரும்பி வந்திருக்கிறான். நிலத்தில் பாதி அவனுக்கு. நிபந்தனை ஒன்றுதான். அவன் அந்த அறைக்குள் காலை வைத்தால் அவளோடு சேர்ந்து அவனும் மறுத்ததாக அர்த்தம். அவன் கோட்டைக்கு வந்தான். படியேறினான். கதவுக்கு வெளியே ஒரு பகல் முழுக்க நின்றான். உள்ளே அவள் உயிரோடு இருந்தாள். காலடிச் சத்தத்தை வைத்தே அவள் கண்டுகொண்டாளாம். இரண்டு தடவை கூப்பிட்டாளாம். சாப்பாட்டைக் கொண்டு போகிற கிழவி அதைக் கேட்டிருக்கிறாள்.

கதவு பூட்டியிருக்கவில்லை. அவன் திறக்கவில்லை. இருட்டியதும் இறங்கிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை.

அனன்யா போன பிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ரால்ஃப் அந்தப் படியில் எந்த இடத்தில் நின்றிருப்பான் என்று யோசித்தேன். எனக்கு யோசிக்கவே தேவையில்லை. கதவுக்கு அடியில் அந்த இரண்டு நிழல்களை நான் பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் பானுப்பிரியாவுக்குப் போன் போட்டேன். எதையாவது சொல்ல வேண்டும் என்றுதான் போட்டேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஹவீஸ் என்று ஒருத்தி இருந்ததே அவளுக்குத் தெரியாது. ஐயப்பனுக்கும் யாரும் சொன்னதில்லை. நான் அந்தப் பெயரை ஊரில் எவரிடமும் உச்சரித்ததில்லை.

போனை எடுத்தது அவள்தான். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. குரலில் அவ்வளவு காற்று.

“எப்படி இருக்கான்?”

“நிக்கறாருண்ணே.”

“நீ எப்படிம்மா இருக்க?”

அவள் மூச்சு மட்டும் கேட்டது. மௌனம் எனக்குப் பழகிய ஒன்று. அன்றைக்குத்தான் அதை என்னால் தாங்க முடியவில்லை.

“சாப்பிட்டியா?” என்றேன்.

“ரெண்டு எலை போட்டு வச்சிருக்கேண்ணே.”

“நீ சாப்பிட்டியான்னு கேட்டேன்.”

“அவரு உள்ள வந்து எதுத்தாப்ல ஒக்காரட்டும்ணே,” என்றாள். “அப்பறம் சாப்புட்டுக்கிறேன்.”